சுணங்கும் தேமலும்: பெயரீடு பற்றியதொரு திறனாய்வு

பண்டைத் தமிழ்ச் செய்யுளைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எதிர்ப்படும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. அகத்திணைப் பாடல்களிலே தலைவியின் மேனியிற் படர்ந்த சுணங்கினைப் புலவர் வேங்கைப் பூவோடு உவமித்துப் பாராட்டுவர். மாணவர் உரைநூலைப் புரட்டுவர். அங்கே சுணங்கு என்பதற்குத் தேமல் என்று பொருள் எழுதப்பட்டிருக்கும். உடனே வகுப்பிற் சிரிப்பெழும். அவர்கள் அறிந்த தேமல் மருந்துக் கடையிற் களிம்பு வாங்கிப் பூசி மறைப்பதற்குரியது, பாராட்டுவதற்குரியதன்று.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க முற்பட்டோர் இரு திறத்தினர். சுணங்கு அழகின் பெயர், தேமல் நோயின் பெயர். ஒன்றை மற்றொன்றாற் பொருள்படுத்திய உரைகாரரும் அகராதியாரும் வழுவினர் என்பர் ஒரு சாரார். பங்கசு ஒன்றினால் வந்த நோயையே நோயென்றறியாது பழம்புலவர் அழகெனப் பாடிவிட்டனர் என்பர் அறிவியல் பயின்ற மற்றொரு சாரார். முன்னவர் இலக்கியத்தைக் காக்க முயல்கின்றனர். பின்னவர் உண்மையைக் காக்க முயல்கின்றனர். எனினும் இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு. பெயர் ஒன்றாயிற் பொருளும் ஒன்றே, பெயர் வேறாயிற் பொருளும் வேறே என்று கொள்வதுதான் அப்பிழை. மனிதத் தோலில் வாழும் மதுவங்களைப் பற்றிப் பிறப்புரிமையியல் அண்மைக் காலத்தில் வெளிப்படுத்தியவற்றை நோக்கின் அது தெளிவாகப் புலப்படும். அப்பிழையின் வரலாற்றில் இலங்கைக்கும், சிறப்பாகக் கண்டிச் சூழலுக்கும் உரிய பங்கு சிறிதன்று.

1. செய்யுள் வழக்கு

சுணங்கு பற்றிய செய்யுள் வழக்கை முதற்கண் வரையறுத்துக்கொள்வோம். அதன் நிறம் பொன் அல்லது மஞ்சள். அது தோன்றும் பருவம் இளமை. தோன்றுமிடம் பெரும்பாலும் மார்பு. ஓரிடத்தே திரண்டு நில்லாது சிதறிக் கிடப்பது அதன் இயல்பு. ஆதலினாற்றான் வேங்கைப் பூ அதற்கு உவமையாயிற்று. திதலை என்பது இதனோடு சார்த்தி எண்ணப்படும் பிறிதொரு சொல். பசலையோ இவ்விரண்டின் வேறாயது. அது பிரிவினால் வருவது, கூடலினால் நீங்குவது. அதனை நோயென்றே புலவர் கூறுவர். சுணங்கை நோயென்று கூறும் வழக்கில்லை. எனவே, மேனியின் நிறவேறுபாடுகளைத் தம்முள் வகைபிரித்துக் காணும் கூரிய கண் அப்புலவர்க்கு இருந்தமை வெளிப்படை.

அவ்வாறாயின் உரைகாரர் வழுவினரோ எனின், அன்று. தேமல் என்னும் சொல் அழகு, நோய் என்னும் இரு நிழல்களையும் உடன்கொண்டே நம்மிடம் வந்தது. அழகுத் தேமல் என்னும் தொடர் ஊர் வழக்கில் இன்றும் வாழ்கின்றது. ஒரு காலத்தில் முதனிழல் மிகுந்திருந்தது. இக்காலத்தில் இரண்டாவது மிகுந்துள்ளது. உரைகாரர் தம் காலத்துச் சொல்லினாற் பொருளுரைத்தார். நாம் நம் காலத்துப் பொருளை அச்சொல்லினுள் ஏற்றி நகைக்கின்றோம். குற்றம் படிப்போர்பாலதே.

ஆயினும் இவ்விடை முதற்சாராருக்கு மட்டுமே போதும். இளமையிலே, மார்பிலே, மஞ்சள் நிறத்திலே, சிதறிப் படர்வதாகிய ஒன்று உடலில் உண்மையாகவே உண்டன்றோ, அதனை மருத்துவர் நோயென்று காட்டுகின்றனரன்றோ என்பது மற்றைச் சாராரின் வினா. அதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது. அவர்கள் களத்திலேயே அதனைச் சந்தித்தல் வேண்டும்.

2. நிறத்தினாற் பெயரிட்டார்

இத்தாலியராகிய அல்டோ கஸ்தெல்லானி 1874 இற் புளோரன்சு நகரிற் பிறந்தவர். 1903 இற் கொழும்புக்கு வந்து 1915 வரை இங்கே நுண்ணுயிராய்வு நடத்தியவர். பறங்கி நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1905 இற் கொழும்பிற் கண்டு உலகுக்கு அறிவித்தவர் அவரே. அதே ஆண்டில் வெப்பநாடுகளிற் காணப்படும் தேமல் வகைகளைப் பற்றியும் அவர் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் எழுதினார்.

தேமலுக்கு ஐரோப்பிய மருத்துவர் இட்டிருந்த பெயர் பிற்றிரியாசிசு வேர்சிக்கலர் என்பது. தவிடுபோல் உதிரும் பலநிறப் படை என்று அதனைப் பெயர்க்கலாம். அதிலே பங்கசு ஒன்று உறைவதை 1846 இல் ஐக்ஸ்ரெட் கண்டார். 1874 இல் மலசே என்னும் பிரெஞ்சுக்காரர் தோற்செதில்களில் உருண்டையான கலங்களை விவரித்தார். அவர் பெயரால் 1889 இற் பையோன் என்பார் மலசேசியா என்னும் சாதியை வகுத்தார். கஸ்தெல்லானியோ இந்நாட்டவரின் மாநிற மேனியில், முகத்திலும் கழுத்திலும், மஞ்சள் நிறத் திட்டுகளைக் கண்டார். அவை ஐரோப்பியத் தேமலினின்று வேறானவை என்று முடிவுசெய்து ரீனியா பிளாவா, அஃதாவது மஞ்சட்படை, எனப் பெயரிட்டார். அதற்குக் காரணமான பங்கசுக்கு மலசேசியா துரோப்பிக்கா எனத் தனிப்பெயரும் வகுத்தார். கரிய திட்டு ஒன்றுக்கு ரீனியா நைகிரா, கரும்படை, என்ற பெயரும் அவரிட்டதே.

அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடல் தகாது. எளிய மக்களின் தோலை இத்துணைப் பொறுமையோடு நோக்கியவர் அக்காலத்தில் மிகச் சிலர். ஆயினும் அவர் கைக்கொண்ட அளவுகோல் குறைபாடுடையது. தேமலின் நிறம் பங்கசினால் மட்டும் அமைவதன்று. அது படரும் தோலையும் பொறுத்தது. வெண்ணிற மேனியிற் கபிலமாய்த் தோன்றுவது மாநிற மேனியில் வெளிறியோ மஞ்சளாகவோ தோன்றும். பலநிறப் படை என்ற பழைய பெயரிலேயே இவ்வுண்மை பொதிந்திருக்க, நிறம் வேறுபட்டதெனக் கண்டு புதிய இனம் வகுத்தது பொருந்தாது. மலசேசியா துரோப்பிக்கா என்ற பெயர் இன்று ஏற்கப்பட்ட இனங்களின் வரிசையில் இல்லை.

இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. கண்டி நகரத்தார் ஒரே திட்டைக் காட்டி, தமிழரெனில் தேமல் என்பர். சிங்களவரெனில் அலுஹம் என்பர். சாம்பற்றோல் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். ஒருவர் சாம்பலைக் கண்டார். ஒருவர் மஞ்சளைக் கண்டார். பழம்புலவர் பொன்னைக் கண்டார். நிறம் மயக்குவது என்பதை அப்புலவரே வேறோரிடத்தில் உணர்த்தியுள்ளனர். வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலியெனத் தோன்றும் என்பது குறிஞ்சித் திணையின் வழிவந்த கற்பனை. மஞ்சட்புள்ளி கண்டு பாறையைப் புலியென்பது செய்யுளில் அழகு; வகைப்பாட்டியலில் அது வழு.

கஸ்தெல்லானிக்கு மற்றுமோர் இடையூறும் இருந்தது. அப்பங்கசை ஆய்வுகூடத்தட்டில் வளர்க்க அக்காலத்தவரால் இயலவில்லை. காரணம் மிக எளியது: அதற்கு எண்ணெய் வேண்டும். வழக்கமான ஊடகங்களில் வெல்லம் உண்டு, புரதம் உண்டு, கொழுப்பு இல்லை. இம்மதுவத்துக்குக் கொழுப்பு இன்றியமையாதது என்பதை அமெரிக்கப் பங்கசியலாளர் பென்கம் அம்மையார் 1939 இற் காட்டினார். வளர்த்துப் பார்க்க இயலாதபோது நுணுக்குக்காட்டியிற் கண்ட வடிவமே சான்றாயிற்று. அவ்வடிவமும் இரண்டாயிருந்தது. நலமான தோலிலும் பொடுகிலும் அது முட்டை வடிவ மதுவம். தேமற்றிட்டில் அதுவே குறுகிய இழைகளோடு தோன்றும். கஸ்தெல்லானி 1913 இற் சாமர்ஸ் என்பாரோடு வெளியிட்ட வெப்பநாட்டு மருத்துவக் கைநூலிலே முட்டை வடிவத்துக்குப் பிற்றிரோசுப்போரம் ஓவேல் என வேறொரு சாதிப்பெயர் வழங்கினார். இவ்வாறு உறவுடைய உயிர்கள் வடிவவேறுபாட்டினால் இரு சாதிகளிற் பிரிந்து நின்றன. கல்கத்தாவிற் பஞ்சா என்னும் மருத்துவர் 1927 இல் இரு வடிவங்களையும் மலசேசியா என்னும் ஒரே சாதியுள் அடக்க முயன்றார். அவர் கருத்து உலகில் நிலைபெறப் பல பதிற்றாண்டுகள் சென்றன. பிற்றிரோசுப்போரம் என்ற பெயரை மருத்துவர் அதுவரை விடவில்லை.

3. பரம்பரையலகு கூறுவது

இவ்வழக்கைத் தீர்த்துவைத்தது தோற்றம் அன்று, வமிசாவளி. 1996 இற் குவேகோ, மிட்சிலி, கில்லோ ஆகிய மூவரும் இறைபோசோம் ஆர்.என்.ஏ. யின் வரிசையை ஒப்புநோக்கி மலசேசியாவை ஏழு இனங்களாக வரையறுத்தனர். குளோபோசா, இரெசுரிக்ரா முதலிய நான்கு இனங்கள் அப்பொழுதுதான் புதிதாகப் பெயர் பெற்றன. பின்னர் இனங்கள் பெருகின. இந்தியாவில் நோயுற்றோர் தோலினின்றும் நலமுடையோர் தோலினின்றும் பெற்ற ஓர் இனம் 2016 இல், சண்டிகாரின் பங்கசியற் பேராசிரியர் அருணலோக் சக்கரபர்த்தியின் பெயரால், மலசேசியா அருணலோக்கி எனப்பட்டது. தோலின் நிறத்தையோ நாட்டையோ சாட்டி இனம் வகுத்த காலம் போய், வரிசைச் சான்று காட்டி வகுக்கும் காலம் வந்தது.

2007 இல் மலசேசியா குளோபோசாவின் முழுப் பரம்பரைத் தொகுதியும் படித்து வெளியிடப்பட்டது. டி.என்.ஏ. இழையில் நிரலே நிற்கும் நால்வகை மூலங்களை எழுத்துகளெனக் கொண்டால், அது ஏறத்தாழ 90 இலட்சம் எழுத்துகளாலான நூல். அதிலே புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 4,300. அப்பஞ் செய்யும் மதுவத்துக்கு ஏறத்தாழ 120 இலட்சம் எழுத்துகளும் 6,000 பரம்பரையலகுகளும் உள. தோல்வாழ் மதுவத்தின் நூல் சிறியது. ஆனால் ஒரு நூலின் இயல்பை அறிய அதில் உள்ளவற்றோடு இல்லாதவற்றையும் நோக்குதல் வேண்டும்.

கொழுப்பமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு அந்நூலில் இல்லை. பெரும்பாலான உயிர்களுக்கு உரிய அத்தொழில் இம்மதுவத்திடம் அற்றுப்போயிற்று. அதற்கு மாறாக, பிறர் கொழுப்பைச் சிதைத்துண்ணும் இலிப்பேசு முதலிய நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகள் மிகுந்து காணப்பட்டன. வெல்லங்களைச் சிதைக்கும் கருவிகள் குறைந்தன. பென்கம் அம்மையார் தட்டிற் கண்டதன் காரணம் இவ்வாறு எழுத்திலே புலனாயிற்று. நம் நெய்ச்சுரப்பிகள் இளமைப் பருவத்திற் செழித்துச் சுரப்பவை. மார்பு, முதுகின் மேற்புறம், கழுத்து, முகம், தலை ஆகிய இடங்களில் அவை மிகுதி. எனவேதான் அம்மதுவம் பெருகுவதும் தேமல் படர்வதும் அப்பருவத்திலும் பெரும்பாலும் அவ்விடங்களிலும் நிகழ்கின்றன. புலவர் சுணங்குக்குக் கூறிய பருவமும் இடமும் இவற்றோடு ஒத்திருத்தலை மறுப்பதற்கில்லை.

மற்றுமோர் உண்மை கண்டிச் சூழலில் வாழ்வோருக்கு வியப்பளிக்கும். மதுவம் என்னும் பெயர் கேட்டதும் நாம் அப்பத்து மதுவத்தின் உறவினரை எண்ணுவோம். மலசேசியாவோ அக்குலத்தது அன்று. அது பசிடியோமைசீற்று என்னும் பெருங்கணத்தைச் சேர்ந்தது. சோளக்கதிரைக் கருக்கும் கரிப்பூட்டைப் பங்கசு அதன் நெருங்கிய சுற்றத்துள் அடங்கும். இம்மலைநாட்டுக் கோப்பியை அழித்த துருநோய்ப் பங்கசும் அதே பெருங்கணத்தின் மற்றொரு கிளையே. அத்துருநோய்ப் பங்கசுக்கு 1869 இல் எமிலேயா வசுற்றாற்றிக்சு எனப் பெயரிட்டவர் பேர்க்கிலியும் புரூமும். அவர்களுக்கு இலங்கைப் பங்கசுகளைச் சேர்த்து அனுப்பியவர் பேராதனைப் பூங்காவின் துவெயிற்றிசு. கோப்பியிலையில் மஞ்சட்பொடி படிந்ததைக் கண்டு தோட்டத்துரைமார் கலங்கிய காலத்திலும் அவர்களுடைய சொந்தத் தோலில் அந்நோயின் தொலைச் சுற்றம் ஒன்று எவருக்கும் தெரியாது குடியிருந்தது. தாவர ஒட்டுண்ணிகளின் குலத்திற் பிறந்து, மாப்பொருளைச் சிதைக்கும் கருவிகளைக் கைவிட்டு, எண்ணெய் உண்ணக் கற்றுத் தோலேறிய உயிரே மலசேசியா.

2015 இல் அக்காலத்தில் அறியப்பட்டிருந்த 14 இனங்களின் பரம்பரைத் தொகுதிகளும் ஒப்பிடப்பட்டன. கொழுப்பமிலப் பரம்பரையலகின் இழப்பு அச்சாதி முழுவதற்கும் பொது என்பது தெளிவாயிற்று. பற்றீரியங்களிடமிருந்து வந்தனவாகக் கொள்ளத்தக்க பரம்பரையலகுகளும் காணப்பட்டன. பெங்களூரு சவகர்லால் நேரு மையத்தைச் சார்ந்த ஆய்வாளர் 2020 இல் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தனர். குளோபோசாவில் 9, சிம்போடியாலிசில் 8, பர்பரில் 7 என அவை வேறுபடுகின்றன. நிறமூர்த்தத்தின் நடுப்பாத்து முறிந்து இழக்கப்படுதலே இக்குறைவுக்கு வழியாயிற்று என்றும், மூதாதையிடம் 9 இருந்திருத்தல் வேண்டும் என்றும் அவர்கள் காட்டினர். உறவுடைய இனங்கள் பிரிந்த வழி இவ்வாறு தடமாய்ப் பதிந்துள்ளது. இதுவே கூர்ப்பின் எழுத்து. நிறம் அதன் எழுத்தன்று.

4. பேராதனைக்கு அண்மையிலிருந்து ஒரு சான்று

பெயர் தோற்றத்தைப் பின்பற்றிப் பிழைபட்டதற்கு நம் அயலிலேயே வேறொரு சான்றுமுண்டு. மூக்கினுள்ளே செந்நிறச் சதைவளர்ச்சியை உண்டாக்கும் இரைனோசுப்போரிடியம் சீபரி என்னும் நுண்ணுயிர் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மிகுதியாகக் காணப்படுவது. 1923 இல் அதனை விரிவாக ஆராய்ந்த ஆசுவேர்த் அதனைப் பங்கசென வகுத்தார். பேராதனை மருத்துவ பீடத்தில் நுண்ணுயிரியற் பேராசிரியராயிருந்த ச. நி. அரசகுலரத்தினவும் அவர் குழுவினரும் அதனை நெடுங்காலம் ஆராய்ந்தனர். அதனைச் செயற்கை ஊடகத்தில் வளர்த்தல் அரிதாகவே இருந்தது. 1999 இல் அமெரிக்க ஆய்வாளர் அதன் இறைபோசோம் பரம்பரையலகின் வரிசையைப் படித்தனர். அது பங்கசன்று, விலங்குக்கும் பங்கசுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கும், மீன்களின் ஒட்டுண்ணிகளோடு உறவுடைய ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது என்பது புலனாயிற்று. முக்காற் நூற்றாண்டாகப் பாடநூல்களில் நிலைத்த ஒரு வகைப்பாடு ஒரு பரம்பரையலகின் சொல்லால் மாறியது.

பெயரால் இரண்டாக நின்றவை பரம்பரையால் ஒன்றானதற்கும் சான்றுண்டு. அதுவும் கஸ்தெல்லானியின் பெயரோடு தொடர்புடையதே. அவர் 1910 இற் பெயரிட்ட மதுவம் ஒன்று பின்னர்க் கண்டிடா குரூசியை என வழங்கி, நோய்தரும் மதுவங்களின் பட்டியலிற் சேர்ந்தது. பிக்கியா குட்றியாவ்செவி என்னும் வேறு பெயரில் ஒரு மதுவம் உணவுப் புளிப்பித்தலிற் பயன்பட்டு வந்தது. 2018 இல் இரண்டின் பரம்பரைத் தொகுதிகளும் ஒப்பிடப்பட்டபோது அவை ஒரே இனமென்பது உறுதியாயிற்று. மருத்துவன் கண்டபோது நோய்க்கிருமி. உணவாக்குவோன் கண்டபோது உதவியாள். உயிர் ஒன்றே; காண்போன் நின்ற இடம் இரண்டு. சுணங்கையும் தேமலையும் பற்றிய நம் வழக்குக்கு இது தக்க ஒப்புமை.

5. பிறப்புரிமையியலின் எல்லை

இவ்வளவும் கூறியபின், பரம்பரையலகே எல்லா ஐயத்தையும் தீர்க்கும் என்று கொள்வாரையும் மறுத்துரைத்தல் கடனாகும். நிறத்தை நம்பியோர் செய்த பிழையை எழுத்தை நம்புவோரும் செய்தல் கூடும்.

முதலாவதாக, இருத்தல் வேறு, இயங்குதல் வேறு. குளோபோசாவின் தொகுதியிலே இலிங்கமுறை இணைதலுக்குரிய பரம்பரையலகுகள் காணப்பட்டன. ஆயின் மலசேசியா அவ்வாறு இணைவதை எவரும் ஆய்வுகூடத்தில் நேரிற் கண்டதில்லை. 2022 இல் வெளிவந்த ஓர் ஆய்வு பர்பர் இனத்தின் வரலாற்றிற் கலப்புப் பிறப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிகழ்ந்தமையைக் காட்டிற்று. கலப்பு நிகழ்ந்ததற்குத் தடமுண்டு; அதனால் முழுமையான இலிங்க வாழ்க்கை வட்டம் நிறுவப்பட்டதென்று ஆகாது. கருவி வீட்டிலிருப்பது கண்டு வீட்டுக்காரன் அத்தொழில் செய்கின்றான் என்று சாதிக்கலாகாது.

இரண்டாவதாக, ஆய்வுகூடத்திற் கண்டதே இயற்கை என்பதும் பிழையாகலாம். 1925 இல் இந்தியக் காண்டாமிருகத்தின் தோலினின்று பெற்ற பக்கிடேர்மாற்றிசு என்னும் இனம், கொழுப்பைத் தனியே சேர்க்காத ஊடகத்திலும் வளர்வதால், கொழுப்பு வேண்டாத மலசேசியா என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அதனுடைய தொகுதியைப் படித்தபோது அதனிடமும் அப்பரம்பரையலகு இல்லை என்பது தெரிந்தது. ஊடகத்துப் பெப்ரோனில் இயல்பாகவே கலந்திருந்த சிறிதளவு கொழுப்பே அதற்குப் போதுமாயிருந்தது.

மூன்றாவதாக, மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. 2013 இல் அமெரிக்க ஆய்வாளர் நலமுடைய 10 பேரின் தோலில் 14 இடங்களை ஆராய்ந்தனர். உடலின் நடுப்பகுதியிலும் கைகளிலுமாக 11 இடங்களில் மலசேசியாவே மேலோங்கியது; பாதத்தில் மட்டும் பங்கசுகள் பலவகைப்பட்டன. மிகச் சிறந்த ஆய்வு அது. ஆயினும் அந்நாட்டுப் பதின்மரின் தோலைக் கொண்டு அந்தானை மலைச்சாரலில் மழையிலும் வெயிலிலும் கொழுந்து கொய்வாரின் தோலுக்கு விதி வகுத்தல் முறையாகாது. தேமற்றிட்டுகளிற் பல நாடுகளில் குளோபோசா முதன்மை பெற, வேறிடங்களிற் பிற இனங்கள் முந்துகின்றன. கொழும்பிற் கண்டது ஐரோப்பாவிற் கண்டதன் வேறு என்று கஸ்தெல்லானி கூறியதில் வகைப்பாடு பிழைத்தது. நாடு நோக்கிக் காணவேண்டும் என்ற எண்ணம் பிழைக்கவில்லை.

நான்காவதாக, முதன்மையான வினாவொன்று எஞ்சி நிற்கின்றது. அம்மதுவம் ஏறக்குறைய எல்லோர் தோலிலும் உண்டு. ஒருவர் மேனியில் அது அடங்கியிருக்க, மற்றொருவர் மேனியில் இழையாக நீண்டு திட்டாக விரிவதேன்? வெப்பம், ஈரம், வியர்வை, எண்ணெய்ச் சுரப்பு, குடும்ப இயல்பு, உடலின் எதிர்ப்பாற்றல் என்பனவெல்லாம் இதிற் பங்குகொள்கின்றன. மதுவத்தின் நூலை மட்டும் படித்து இதற்கு விடை காணல் இயலாது. அது தங்கியுள்ள வீட்டின் நூலையும் உடன் படித்தல் வேண்டும்.

6. முடிபு

இவற்றை மனத்திற்கொண்டு முதலில் எழுந்த வழக்குக்கு வருவோம். பழம்புலவர் பங்கசு நோயைப் பாடினர் என்பாரின் கூற்று நிற்குமா? நில்லாது. இடமும் பருவமும் நிறமும் ஒத்தன என்பது மெய்யே. அவ்வொப்புமை கஸ்தெல்லானி கைக்கொண்ட அளவுகோலின் பாற்பட்டது. அதனை மேற்கொண்டு அவர் தவறினார். செய்யுளினின்று தோற்செதில் சுரண்டி எடுத்தற்கில்லை. மேலும், எல்லோர் மேனியிலும் வாழும் உயிரொன்று உண்டென்பதனால் மட்டும் நோய் உண்டென்றாகாது. சுணங்கு என்பது செய்யுளுலகில் ஒரு மதிப்பீடு. தேமல் என்பது மருத்துவத்தில் ஒரு நிலை. மலசேசியா என்பது உயிரியலில் ஒரு சாதி. இம்மூன்றும் ஒரு தோலின்மேற் சந்தித்தல் கூடும்; அதனால் மூன்றும் ஒன்றாகா.

சுணங்குக்கும் தேமலுக்கும் எவ்வித உறவுமில்லை என்பாரும் மிகைபடக் கூறுகின்றனர். இளமையில் மேனியிற் படரும் நிறவேறுபாட்டைக் கண்டு, அதனைப் பிரிவால் வரும் பசலையினின்று வேறுபடுத்தி, அருவருப்பின்றி நோக்கியது அம்மரபு. இன்றைய அறிவியலும் அம்மதுவத்தைப் பகைவனென்று எளிதிற் கூறுவதில்லை; பெரும்பாலும் தீங்கின்றி உடனுறையும் உயிரென்றே கூறுகின்றது. அருவருப்பின்றி நோக்கும் அப்பண்பிலே பழம்புலவரும் இற்றை ஆய்வாளரும் ஒத்து நிற்கின்றனர். சிரித்த மாணவரே இருவருக்கும் அயலார்.

இது ஏட்டு வழக்கு மட்டுமன்று. சில ஆண்டுகளின் முன் என் வகுப்பில் மாணவன் ஒருவன் எத்துணை வெப்பத்திலும் கழுத்துப் பொத்தானை அவிழ்க்காதிருந்தான். அவன் தங்கியிருந்த விடுதியிலே கழுத்துத் திட்டைக் கண்டு, குட்டமெனக் கூறி, அவன் படுக்கையை வேறாக்கிவிட்டனர். பழைய மருத்துவ நூல்கள் தோல் நோய்களைப் பதினெண் குட்டங்களென ஒரே பெயரின்கீழ் வகுத்தமையும் இவ்வச்சத்துக்கு ஒரு வித்தாகும். மருத்துவர் ஒருவர் திட்டைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் நோக்கித் தேமலென்று கூறிய பின்னரே அவன் படுக்கை பழைய இடத்துக்கு வந்தது. ஒரு பெயர் அவனை வெளியேற்றியது, மற்றொரு பெயர் அவனை உள்ளே அழைத்தது, தோல் மாறவில்லை.

மறுதலையான தீங்கும் உண்டு. தொழுநோய் இலங்கையினின்று முற்றாக நீங்கவில்லை. ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். தொழுநோய்த் திட்டைத் தேமலென்று கருதி வாளாவிருப்போர் உரிய காலத்து மருந்தை இழக்கின்றனர். தேமற்றிட்டைச் சுரண்டினால் நுண்டவிடு உதிரும், உணர்ச்சி குன்றாது. தொழுநோய்த் திட்டிலோ பெரும்பாலும் உணர்ச்சி குன்றும். ஆயினும் கண்ணால் மட்டும் துணியாது, கண்டித் தேசிய வைத்தியசாலையிலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ உள்ள தோல் நோய்ப் பிரிவிற் காட்டுதலே அறிவுடைமை. தேமல் மருந்தினால் அடங்கும். மழையும் வியர்வையும் மிகும் காலத்தில் மீண்டும் வருதலும் உண்டு. அடங்கிய பின்னும் நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும். அக்காலத்திலும் நோயுண்டென்று அஞ்சி மேன்மேலும் களிம்பு பூசுவது வீண்செலவு.

ஆதலின் ஆசிரியர்க்கு ஒன்று கூறி அமைவோம். சுணங்கு என்னும் சொல் வரும் பாடலைக் கற்பிக்கும்போது தேமல் என்னும் பொருளை மறைத்தலும் வேண்டா. அதனோடு நின்றுவிடுதலும் வேண்டா. சிரிப்பு அடங்கட்டும். பின்னர், அவ்வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவர் தோலிலும் அம்மதுவம் அப்பொழுதே வாழ்ந்துகொண்டிருக்கின்றது என்று சொல்லுதல் வேண்டும். கழுத்துப் பொத்தானை இறுகப் பூட்டியிருக்கும் மாணவன் யாரேனும் அங்கிருப்பின், அவனுக்கு அச்சொல் பயன்படும்.